சாம்பிளில் ஒட்டிய அம்பு

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது, நினைவிருக்கும். ஆவடிப் பக்கம் ஒரு சலூன் பலகை. HAIR CUT'S என்று, வேண்டாத இடத்தில் ஒரு அப்போஸ்ட்ரபி. மளமளவென்று சிரிப்பு பொம்மைகள் விழுந்தன. "நம்ம இங்கிலீஷ் மிஸ் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்" என்று உங்களில் ஒருத்தி எழுதினாள். நானும் ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டேன். அரை நிமிடத்தில் அதை அழித்தேன். "என்னடி அழிச்சிட்டே?" என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம். படிக்க நேரமில்லாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், கோபமில்லை.

நாம் ஏழாவது படித்த வருடம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஆங்கில டீச்சர் அந்த ஒரே குறியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இரண்டு விதிகள். ஒரு சொல்லில் எழுத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் குறி: do not என்பது don't ஆகும்போது போல. ஒன்று இன்னொருவருக்குச் சொந்தம் என்றால் பெயருக்குப் பின்னால் குறி: Ravi's pen போல. மறந்துபோனால் ஐம்பது முறை எழுத வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க அண்ணனோ அப்பாவோ இருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மாணவியாக மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்போதும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

கள்ளிக்குப்பத்தில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. தைத்து முடித்த துணியில் துருத்திக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரிப்பதுதான் அவள் வேலை. பிசிறு வெட்டுவது என்பார்கள். காலை எட்டு மணிக்கு மேசை முன்னால் போய் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். கழுத்தில் நாடாவில் கட்டிய குட்டிக் கத்திரி தொங்கும். வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியில் அன்றைய துணியின் நிறத்தில் நூல் துணுக்குகள் இருக்கும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. சாம்பாரிலேயே நாங்கள் நூல் எடுத்திருக்கிறோம். வந்ததும் முதல் வேலையாகத் தரையில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். நான் அழுத்தி விளையாடுவேன்.

ஒரு நாள் நான் குப்புறப் படுத்து ஐம்பது முறை don't எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து பார்த்து, நகத்தால் நோட்டைச் சுரண்டினாள்.

"இன்னாடி இது, எழுத்து மேல பிசிறு நின்னுகினு கீது?"

"பிசிறு இல்லம்மா. அது அங்கதான் இருக்கணும்."

"மத்ததுக்கெல்லாம் காணோம். இதுக்கு மட்டும் கீது?"

"அங்க ஒரு எழுத்து இருந்துச்சு. அத்த எடுத்துட்டாங்க. எடுத்த எடத்துல இத வெக்கணும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதானே. நூல வெட்னா முடிச்சு போடணும்ல? இல்லாங்காட்டி மொத்தமும் பிரிஞ்சிகினே பூடும்."

டீச்சர் மூன்று வாரமாக நமக்குப் புரியவைக்கத் திணறியதை அவள் ஒரே மூச்சில் பிடித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு, நோட்டுல கை வெக்காத, அழுக்காவுது" என்றேன்.

அந்த வாரமே கம்பெனியில் ஒரு செக்கர் பிரசவத்துக்குப் போய்விட்டாள். செக்கர் என்றால் முடிந்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பவர். அந்த மேசைக்கு மேலே தனியாக ட்யூப்லைட் உண்டு. உட்கார ஒரு உயரமான ஸ்டூல் உண்டு. குறை தெரியும் இடத்தில் ஒட்டுவதற்கு அம்பு வடிவத்தில் சிவப்பு ஸ்டிக்கர் தருவார்கள். சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டார். "ஒனக்குக் கண்ணு நல்லா ஷார்ப்பா கீதும்மா. ஏ பி சி டி தெரிமா?"

"தெரியும் சார்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவை நான்கே எழுத்துகள். சட்டையின் கழுத்துப் பட்டியில் வரும் S, M, L, அப்புறம் X.

இரண்டு வாரம் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் ஸ்டூல் அவளுக்கு. வீட்டுக்கு வந்து கால்களைச் சுவரில் தூக்கி வைத்தபடியே என்னிடம் கேட்டாள்: "பாப்பா, எனக்கு மிச்ச எழுத்தச் சொல்லிக் குடுக்கறியா?"

சொல்லிக்கொடுத்தேன். உலையில் அரிசி கொதிக்கும் நேரம்தான் வகுப்பு. வெறும் நோட்டு இல்லை, அப்பா சவாரிக் கணக்கை எண்களாகக் குறித்து முடித்த டைரியின் பின்பக்கம். அம்மாவின் கை எழுத்துகளை வரைந்தது. எழுதவில்லை, வரைந்தது. ஒவ்வொரு கோட்டையும் பின்னல் போடுவது போல ஒரே அழுத்தத்தில் இழுப்பாள். ஐந்தே நாளில் இருபத்தாறும் வந்துவிட்டன. நான் எப்படிப்பட்ட டீச்சராக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நம் டீச்சர் எனக்குச் செய்ததை எல்லாம் அவளுக்குச் செய்தேன். தப்பானால் பத்து முறை எழுது என்றேன். ஸ்கேலால் தரையைத் தட்டினேன்.

அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சிரிப்பார். "இன்னாமே, பரீட்சைக்குப் படிக்கிறியா? டீச்சரம்மா, ஒன் ஸ்டூடண்ட கொஞ்சம் வுட்டீன்னா எனக்குச் சோறு கெடைக்கும்."

"நீயே போட்டுக்க நைனா. கிளாஸ் நடக்குது" என்பேன்.

எழுத்துகளோடு நிறுத்தியிருக்கலாம். செக்கர் வேலைக்கு அதுவே போதும். ஆனால் எனக்கு அப்போது தெரிந்ததிலேயே பெரிய விஷயம் அந்தக் குறிதானே! அதை யாரிடமாவது காட்ட வேண்டுமே! இரண்டாவது விதியையும் சொன்னேன். யாருடையது என்று சொல்லும்போது பேருக்குப் பின்னால் குறி.

"பாத்திரத்துல பேரு வெட்ற மாதிரியா?" என்றாள். "என் அண்டாவுல எம்பேரு கீதுல்ல, கல்யாணத்துல குடுத்தது."

"ஆமா, அப்டித்தான்."

"அப்ப, 'அதோட'ன்னு சொல்லணும்னா? அதுக்கும் இது உண்டா?"

"எல்லாத்துக்கும் உண்டும்மா" என்றேன், யோசிக்காமலேயே. டீச்சர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு அந்த வீட்டில் இல்லை.

அம்மா செக்கர் ஸ்டூலில் உட்கார்ந்த முதல் எட்டு நாளும் நன்றாகப் போயின. கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. ஒன்பதாவது நாள் என்ன நடந்தது என்பதை முதலில் எனக்குச் சொன்னது எதிர்வீட்டு அக்கா. அதே கம்பெனியில் அவள் தையல் மெஷினில் இருந்தாள். அன்று அம்மாவுக்கு முன்பே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"ஒங்கம்மா இன்னிக்கு இன்னா பண்ணிச்சு தெரிமா? நம்ம ஃப்ளோரே கூடிப் போச்சு!"

கைக்குழந்தைச் சட்டைகள். மார்பில் நூலால் DADDYS GIRL என்று பின்னியிருந்தார்கள். அப்பாவின் பெண் என்று அர்த்தம். குறி இல்லை. அம்மா முதல் சட்டையைப் பார்த்தாள், Y-க்கும் S-க்கும் நடுவில் ஓர் அம்பு ஒட்டினாள். இரண்டாவது சட்டையிலும் குறி இல்லை, அங்கேயும் ஓர் அம்பு. மூன்றாவது, நான்காவது. மத்தியானத்துக்குள் இருநூறு சட்டைக்கு மேல் சிவப்பு அம்பு. அம்பு ஒட்டியதை இஸ்திரிக்காரர்கள் தொட மாட்டார்கள் என்பது அங்கே வழக்கம். ஒதுக்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஏற்ற வேண்டிய சரக்கு. வண்டி வாசலில் வந்து நிற்கிறது, பெட்டியில் வைக்கச் சட்டை இல்லை.

"சூப்பர்வைசர் ஓடியாந்தாரு. 'சாம்பிளப் பாத்தியா இல்லியா'ன்னு கத்தினாரு" என்றாள் அக்கா.

சாம்பிள் என்பது வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பார்த்து, சரி என்று முத்திரைச் சீட்டு கட்டித் தந்த ஒரே ஒரு சட்டை. செக்கர் மேசைக்கு மேலே ஹேங்கரில் தொங்கும். அது எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற எல்லாமும் இருக்க வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

"அவரு நிமிந்து சாம்பிளப் பாக்கறாரு. அதுலயும் ஒரு அம்பு! சாம்பிளுக்கே ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிக்கீது ஒங்கம்மா! சாமி செலைக்கே நொட்ட சொன்ன மாதிரி." அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அம்மா செய்தது சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பெரிய கட்டடத்தில், அத்தனை பேரில், அந்தச் சட்டையில் பிழை இருப்பதைப் பார்த்தவள் என் அம்மா ஒருத்திதான்.

அம்மா வந்தாள். படுக்கவில்லை. உட்கார்ந்தாள்.

"அது தப்புதானடி? அந்த எடத்துல கொக்கி வரணும்ல?"

"தப்புதாம்மா. கண்டிப்பா வரணும்."

"அப்ப நான் ஒட்னது கரீட்டு."

"கரெக்ட்."

"கரீட்டா கீதான்னு பாக்கறது என் வேல இல்லியாம். சாம்பிள் மாதிரி கீதான்னு பாக்கறதுதான் வேலயாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழமைக்குள்ள ஒரு லெட்டர் குடுக்கச் சொல்றாரு. மேனேஜருக்கு. வடநாட்டுக்காரரு, இங்கிலீஷ்லதான் குடுக்கணுமாம். குடுத்துட்டா ஸ்டூல்ல வுட்ருவாங்க. நான் சொல்றேன், நீ எழுது."

மறுநாள் நான் நம் டீச்சரிடம் போனேன். இது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. வகுப்பு நடுவில் எழுந்து, "மிஸ், DADDYS GIRL-ன்னு குறி இல்லாம எழுதினா தப்புதானே மிஸ்?" என்று கேட்டேன். தப்பு என்று அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தால் அதையும் கடிதத்தோடு வைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

"எங்க பார்த்தே?"

"ஒரு டீஷர்ட்ல மிஸ்."

"டீஷர்ட்டுக்கெல்லாம் கிராமர் கிடையாது. அதெல்லாம் ஃபேஷன். எக்ஸாம்ல எழுதினா மார்க் போயிடும். உக்காரு."

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். பின்வரிசையிலிருந்து யாரோ "டீஷர்ட்டு" என்று கூப்பிட்டது ஆண்டுக் கடைசி வரை எனக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அது போகட்டும். ஒரு குறிக்காக என்னை ஐம்பது ஐம்பது முறை எழுதவைத்தவர், அந்தக் குறியைக் காப்பாற்ற ஒரு வரி எழுதித் தர மாட்டேன் என்கிறாரே என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். சரி என்பது எங்கே சரி? நம் நோட்டுக்குள் மட்டுமா? இந்தக் கேள்விக்கு இன்று வரை ஒருவரும் எனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தேன். "தெரியாம பண்ணிட்டேன் சார், இனிமே சாம்பிளப் பாத்து ஒட்றேன்னு எழுது" என்று தொடங்கினாள். நான் எழுதிய முதல் வரி: நான் செய்தது சரி. இரண்டாவது வரி: உங்கள் சாம்பிள் தவறு. அதற்குக் கீழே இரண்டு விதிகளையும் எடுத்துக்காட்டுகளோடு எழுதினேன். ஏழாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்தது ஒரு கம்பெனிக்குத் தெரியவில்லை என்பது வெட்கம் என்றேன். இப்படி அனுப்பினால் கம்பெனி அதன் பெயரை இழக்கும் என்று முடித்தேன். ஒரு பக்கம் நிறைந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"படிச்சிக் காட்டு" என்றாள் அம்மா.

நான் தாளைப் பார்த்தபடி, அவள் சொன்னதைத் தமிழில் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் சாம்பிளைப் பார்த்து ஒட்டுகிறேன். விரலை வரிகளின் கீழே நகர்த்திக்கொண்டே போனேன். "நான் கடேசில சொன்னதும் இதுல கீதா? இம்மாம் பெருசா கீது?" என்றாள். "எல்லாம் கீதும்மா, இங்கிலீஷ்ல அப்டித்தான் வரும்" என்றேன், என்ன கேட்கிறாள் என்று யோசிக்காமலேயே.

அம்மா அதில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எழுத்தாக, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்த ஆங்கில எழுத்துகளில். அதற்கு முன் அவள் எங்கேயும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. கட்டைவிரல் ரேகைதான்.

சனிக்கிழமை நடந்ததையும் அக்காதான் சொன்னாள். இந்த முறை சிரிக்காமல் சொன்னாள். மேனேஜர் படித்துவிட்டுக் கடிதத்தை சூப்பர்வைசரிடம் தூக்கிப் போட்டார். சூப்பர்வைசர் அதை மேசை முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "இந்தாம்மா, எங்களுக்கே பாடம் எடுக்கறியா? யாரு எழுதுனது இது? ஒம்பொண்ணா? அத்த இட்டாந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு, ஸ்டூல் ஒனக்குத்தான்."

"நான் சொன்னதத்தான் சார் எழுதுச்சு. எழுதுன கொழந்தைய எதுக்கு இட்டாரணும்?" என்றாளாம் அம்மா.

அன்று மத்தியானமே அவள் பழைய மேசைக்குப் போய் நின்றாள். ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

அம்மா திருப்பிக் கொண்டுவந்த கடிதத்தை டிவிக்கு மேலே வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி மேனேஜர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். its என்று வர வேண்டிய இடத்தில் it's என்று எழுதியிருந்தேன். 'அதன்' என்ற பொருளில் வரும் its-க்குக் குறி கிடையாது. நம் பாடப்புத்தகத்தில் அது அடுத்த பக்கத்தில் இருந்தது. டீச்சர் அந்தப் பக்கத்தை அதற்கடுத்த வாரம்தான் நடத்தினார். நான் ஒரு பக்கம் நியாயம் எழுதியிருக்கிறேன், அந்த மனிதர் பதிலாகத் தந்தது ஒரு வட்டம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் டைரியை எடுத்துக்கொண்டு உலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கு அரிசில கல்லு ஜாஸ்தியா கீது, நீ போய்ப் படி" என்றாள். அதன் பிறகு அவள் என்னிடம் ஓர் எழுத்தும் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம். நான் எழுதியது சரி, அவளுக்காகத்தான் எழுதினேன், இவளாவது என் பக்கம் பேச வேண்டாமா என்று. அவள் அதே மேசையில் இன்னும் ஒன்பது வருடம் நின்றாள். நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் நிறுத்தினாள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். சாஃப்ட்வேர் கம்பெனியில் கையேடுகளைத் திருத்துகிறேன். பகல் முழுக்க மற்றவர்கள் தவறாக வைத்த குறிகளை எடுப்பதும் விட்ட குறிகளை வைப்பதும்தான் பிழைப்பு. ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட் வாங்கி அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டேன். இத்தனைக்குப் பிறகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த மேனேஜரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டுதான் போகிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிக்கிறேன். ஒவ்வொரு முறையும் இறங்கும்போது அதே கடுப்பு.

நேற்று அம்மா பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"ம்மா, அந்த லெட்டர் விஷயத்துல நீ என்ன ஒரு வார்த்த திட்டலியே, ஏன்?"

"எந்த லெட்டரு?" என்றாள். எந்த லெட்டர் என்று அவளுக்குத் தெரியும். "திட்டி இன்னா ஆவப் போவுது. வுடு."

"விட முடியலம்மா. அந்தாளு பண்ணது அநியாயம். நீ அம்பு ஒட்னது சரி. லெட்டர்லயும் ஒரு எடத்தத் தவிர தப்பே கிடையாது. இன்னிக்கு யார்கிட்ட காட்டினாலும்…"

"தப்புன்னு நான் சொன்னேனா?" கீரைத் தண்டை ஒடித்தாள். "படிச்ச புள்ள எழுதுனது, நல்லாத்தான் இருந்துருக்கும். ஆனா அது உன்னோட லெட்டருடி. என்னோடத நீ எழுதவே இல்ல."

"உன்னோடதுல அப்டி இன்னாம்மா இருந்துச்சு? மன்னிப்புதானே?"

"மன்னிப்பு மொதல்ல ஒரு வரிதான். அதுக்கப்பறம் இன்னொண்ணும் சொன்னேன், நீ எழுதற மும்முரத்துல காதுல வாங்கல." கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நின்னு நின்னு காலு வீங்கிப் போவுது சார், அந்த ஸ்டூல மட்டும் எடுத்துடாதீங்கன்னு. அவ்ளோதான்."